விலாவுக்குக் கீழே அடிபட்டால் கிட்னியைக் கவனியுங்கள்

பைக்கிலிருந்து விழுந்து ஹேண்டில்பார் விலாவுக்குக் கீழே குத்தினால் வெளியே சிராய்ப்பு மட்டும்தான் தெரியும், ஆனால் கடைசி விலா எலும்புகளுக்குப் பின்னால் இருக்கிற சிறுநீரகம் கிழிந்து உள்ளேயே ரத்தம் கசியலாம்.

முதலில் சிறுநீரின் நிறத்தைப் பாருங்கள். சிவப்பாகவோ கட்டங்காப்பி நிறத்திலோ போனால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். தெளிவாகப் போனாலும் நம்பிவிடாதீர்கள், சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக்குழாயே அறுந்திருந்தால் சிறுநீரில் ரத்தம் தெரியாமலே இருக்கலாம். இடுப்புப் பக்கம் வலி, தலைசுற்றல், வியர்த்துக் கொட்டுவது எல்லாமே எச்சரிக்கைதான். நீங்களாக வலி மாத்திரை கொடுக்காதீர்கள், சாப்பிடவும் எதுவும் வேண்டாம், ஆபரேஷன் தேவைப்படலாம்.

ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றி சிடி ஸ்கேன் எடுத்து, காயத்தை 1 முதல் 5 வரை தரம் பிரிப்பார்கள். பெரும்பாலானவர்களுக்குக் கத்தியே வேண்டியதில்லை: படுக்கை ஓய்வு, ஹீமோகுளோபினைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது, ஒவ்வொரு முறை போகும் சிறுநீரையும் பாட்டிலில் பிடித்து வரிசையாக வைத்து நிறம் தெளிகிறதா என்று பார்ப்பது. ரத்தம் நிற்காவிட்டால் தொடை வழியாக மெல்லிய குழாய் விட்டு கசியும் இடத்தை அடைப்பார்கள். அதற்கும் அடங்காவிட்டால் ஆபரேஷன்.

வீடு திரும்பிய பிறகு, டாக்டர் சொல்லும்வரை பளு தூக்க வேண்டாம். அப்புறம் பிரஷரை அவ்வப்போது பாருங்கள், இந்தக் காயத்துக்குப் பின் அது ஏறலாம்.