லாரிக்கு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலையில் முதல் ஸ்டார்ட்டில் 'டிக் டிக்' என்று ஒரு சத்தம். காரைக்குடியில் கிளம்பிய வண்டி திருமயம் போய்ச் சேர்வதற்குள் அது அடங்கிவிடும். டிரைவர் டேப்பெட் (வால்வைத் திறக்கும் பாகம்) சத்தம் என்பார். பட்டறையிலும் பலர் டேப்பெட் கவரைத்தான் முதலில் கழற்றுவார்கள். தவறு அங்கேயே ஆரம்பிக்கிறது. சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியேற்றும் வார்ப்பிரும்புக் குழாய்த்தொகுதிதான் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு. அது ஹெட்டோடு (சிலிண்டர்களின் மேல்மூடி) சேரும் இடத்திலுள்ள பேக்கிங் வழியாகப் புகை கசிந்தாலும் இதே சத்தம்தான் வரும். இரும்பு சூடேறி விரிந்ததும் இடுக்கு மூடிக்கொள்ளும், சத்தமும் போய்விடும். சந்தேகம் இருந்தால் எஞ்சின் நன்றாக ஆறியபிறகு, ஹெட்டும் மேனிஃபோல்டும் சேரும் ஓரத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். கசிகிற இடத்தில் கரி தீற்றியிருக்கும். ஓடுகிற எஞ்சினில் கையை நீட்டிக் கசிவைத் தேடுவது மட்டும் வேண்டாம்.

கண்டுபிடித்த பிறகும், "அண்ணே, இன்னும் ரெண்டு டிரிப் தாங்கும்" என்று ஓட்டுபவர்கள் உண்டு. தாங்கலாம். ஆனால் எஞ்சினுக்குள் காற்றைத் தள்ளும் டர்போவைச் சுற்றவைப்பதே அந்தப் புகையின் வேகமும் சூடும்தான். வழியில் கசிந்தால் டர்போ காற்றைக் குறைவாகத் தள்ளும், இழுவை குறையும், கரும்புகை வரும், டீசல் கூடும். காற்று குறைந்த எஞ்சின் இன்னும் சூடாகும், அந்தச் சூட்டில் விரிசல் இன்னும் நீளும். அதைவிட மோசம், பீறிடும் சூடான புகை ஹெட்டின் முகத்தையே அரித்துப் பள்ளமாக்கிவிடும். பேக்கிங் செலவோடு போயிருக்க வேண்டியது, ஹெட்டைக் கழற்றி லேத்துக்குக் கொண்டுபோவதில் முடியும்.

இந்த வேலையில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை ஒரே இடத்திலிருந்து வருகின்றன. மேனிஃபோல்டை அசையாத சாமான் என்று நினைத்துவிடுகிறோம். முழு லோடில் அதற்குள் ஓடும் புகை 600 டிகிரியைத் தொடும். ஆறு சிலிண்டர் எஞ்சினில் முக்கால் மீட்டர் நீளமுள்ள வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு 500 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் நீளும். அது உட்கார்ந்திருக்கும் ஹெட்டோ தண்ணீரால் குளிர்ந்துகொண்டிருப்பதால் அரை மில்லி அளவுக்கே நீளும். ஆக, ஒவ்வொரு டிரிப்பிலும் மேனிஃபோல்டு ஹெட்டின் மேல் நகர்ந்து நகர்ந்து திரும்புகிறது. நடுவில் நகர்வு குறைவு, இரண்டு கோடியிலும் அதிகம். முதல் சிலிண்டர், ஆறாவது சிலிண்டர் பக்க ஸ்டட்டுகளே (மேனிஃபோல்டைப் பிடித்திருக்கும் தலையில்லாத போல்ட்டுகள்) பெரும்பாலும் முறிவதற்குக் காரணம் இதுதான்.

பெரிய எஞ்சின்களில் மேனிஃபோல்டை இரண்டு மூன்று துண்டாகச் செய்து, ஒன்றுக்குள் ஒன்று வழுக்கும்படி இணைத்திருப்பதும் இதற்காகத்தான். அந்த இணைப்பில் லேசாகப் புகை தெரிகிறது என்று வெல்டிங் வைத்து அடைத்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். புகை நின்றது, கொஞ்ச நாளில் கோடி ஸ்டட் போனது. வழுக்கும் இணைப்பில் கசிந்தால் அதன் வளையங்களை மாற்ற வேண்டும், பற்றவைக்கக் கூடாது. விரிசல் விட்ட மேனிஃபோல்டைப் பற்றவைத்து ஓட்டுவதும் அப்படித்தான், ஊர் போய்ச் சேர உதவும், அவ்வளவே.

கழற்றும்போது

சித்திரை வெயிலில் லோடு காத்திருக்கிறது, எஞ்சின் ஆற நேரமில்லை என்று குடத்துத் தண்ணீரை மேலே ஊற்றுவது கொடுமையான பழக்கம். சூடான வார்ப்பிரும்பில் தண்ணீர் பட்டால் விரிசல் விடும். மேனிஃபோல்டு எப்படியும் மாற்றப்போவதுதானே என்று சொல்லலாம், பக்கத்திலிருக்கும் ஹெட்டும் டர்போவும் மாற்றப்போவதில்லையே.

நட்டுகளுக்கு முந்தின நாள் சாயங்காலமே துரு இளக்கும் ஆயிலை அடித்து ஊறவிடுங்கள், காலையில் இன்னொரு முறை அடியுங்கள். தூத்துக்குடி, வாலிநோக்கம் பக்கம் உப்பு ஏற்றும் வண்டி என்றால் இதைத் தவிர்க்கவே முடியாது, மரை முழுக்க உப்புக்காற்று தின்றிருக்கும். உலோகம் அரிப்பதை ஆராயும் செக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) 1953 முதல் காரைக்குடியிலேயே இருக்கிறது. இருந்தும் துருப்பிடித்த நட்டைக் கண்டால் நம் கை முதலில் தேடுவது ஸ்பானரில் மாட்ட நீளமான பைப்பைத்தான். பைப் போட்டால் நட்டு கழலாது, ஸ்டட்தான் முறியும். கொஞ்சம் இளகினால் கொஞ்சம் மறுபடி இறுக்கி, திரும்ப இளக்கி, இடையிடையே ஆயில் விட்டு வாருங்கள். வரவில்லையென்றால் நட்டுக்கு மட்டும் கேஸ் சூடு காட்டலாம், அதற்கு முன் பக்கத்தில் ஊறியிருக்கும் ஆயிலையும் டீசலையும் துடைத்துவிட வேண்டும்.

சரி, ஸ்டட் ஹெட்டின் முகத்தோடு முறிந்துவிட்டது. உடனே டிரில்லை எடுக்காதீர்கள். முறிந்த முனையில் ஒரு வாஷரை வைத்து, அதன் ஓட்டை வழியாக ஸ்டட்டில் வெல்டிங் வைத்து, அதன் மேல் கொஞ்சம் பெரிய நட்டை வைத்து உள்ளே நிரப்பிப் பற்றவையுங்கள். சிவப்பு முழுக்க மறையட்டும். வெல்டிங் சூடு மரையில் பிடித்திருந்த துருவை உடைத்திருக்கும், இப்போது ரிங் ஸ்பானர் போட்டு முன்னும் பின்னுமாகக் கால் கால் சுற்றாக அசைத்தால், கிறீச்சிட்டுக்கொண்டே வெளியே வரும். முதல் முறை நட்டு பெயர்ந்து வந்தால் இன்னொரு நட்டு வையுங்கள், இரண்டாவது மூன்றாவது சூட்டில்தான் பல ஸ்டட்டுகள் இளகும். எலெக்ட்ரானிக் எஞ்சின் என்றால் வெல்டிங்குக்கு முன்னால் பேட்டரியையும் இ.சி.எம். (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) கனெக்டரையும் கழற்றிவிட வேண்டும். எர்த் கிளிப்பை வேலை நடக்கும் இடத்துக்கு ஒட்டியே மாட்ட வேண்டும். இதை விட்டுவிட்டால் மேனிஃபோல்டு விலையை மிஞ்சும் பில் வரும்.

அப்படியும் வராவிட்டால்தான் டிரில். நடுப்புள்ளி விலகினால் ஹெட்டின் மரை போய்விடும். சில எஞ்சின்களில் அந்த ஓட்டைக்குப் பின்னாலேயே தண்ணீர் ஓடும் அறை இருக்கும், ஆழம் தெரியாமல் துளைக்கக் கூடாது. முறிந்த ஸ்டட்டில் துளை போட்டுத் திருகி எடுக்கும் ஈசி அவுட்டை முழு பலத்தோடு திருகுவதும் ஆபத்து. அது உள்ளேயே ஒடிந்தால் சாதாரண டிரில் பிட் அதன் மேல் வழுக்கும், ஏனென்றால் அது பிட்டைப் போலவே கடினமான எஃகு. மரை போய்விட்டதா, பெரிய போல்ட்டுக்கு டேப் போடாதீர்கள். ஹெலிகாயில் (மரைக்குள் பொருத்தும் கம்பிச்சுருள்) போட்டு பழைய அளவுக்கே கொண்டுவரலாம்.

முகமும் பேக்கிங்கும்

ஹெட் முகத்தில் ஒட்டியிருக்கும் பழைய பேக்கிங்கை ஆங்கிள் கிரைண்டரால் தேய்க்கிறார்கள். வேலை சீக்கிரம் முடியும், முகம் மேடும் பள்ளமுமாகும். சுரண்டி கொண்டு கையால்தான் சுரண்ட வேண்டும், போர்ட்டுகளில் (புகை வரும் வாய்களில்) துணி அடைத்துக்கொண்டு. பழைய மேனிஃபோல்டையே திரும்பப் போடுவதாக இருந்தால், நேரான பட்டையை எல்லா முகங்களுக்கும் குறுக்கே வைத்து இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்கள். துண்டு மேனிஃபோல்டு என்றால் துண்டுகளைச் சேர்த்துவைத்தபடி பார்க்க வேண்டும், தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும். வளைந்ததை நட்டு போட்டு இழுத்து உட்காரவைக்கலாம் என்பது வீண் ஆசை.

மிச்ச இடைவெளிக்குச் சிவப்பு சிலிகான் தடவுவதும் வேண்டாம். அந்தச் சிலிகான் 300 டிகிரியைக் கொஞ்சம் தாண்டும்வரை பிடிக்கும், இங்கே ஓடும் சூடு அதற்கு இரண்டு மடங்கு. கருகி உதிர்வது நேராக டர்போவுக்குள் போகும். பேக்கிங்கில் எந்தப் பக்கம் வெளியே வர வேண்டும் என்று அச்சிட்டிருந்தால் பார்த்துப் போடுங்கள். ஒருமுறை நசுங்கிய பேக்கிங் மறுபடி நசுங்காது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமானுக்கெல்லாம் விலை உண்டு, பழைய பேக்கிங்குக்குக் கிடையாது.

இறுக்குவதில்தான் எல்லாமே

சில எஞ்சின்களில் போல்ட்டுத் தலைக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் ஒரு குழாய்த் துண்டு இருக்கும். "இது எதுக்கு?" என்று எடுத்துப் போட்டுவிட்டு, குட்டை போல்ட்டு வாங்கிப் போடுகிறார்கள். நீளமான போல்ட்டு கொஞ்சம் இழுபட்டுக் கொடுக்கும், மேனிஃபோல்டு நகரும்போது இறுக்கம் விடாது. அந்த இழுபடும் தன்மைக்காகவே அந்தத் துண்டை வைத்திருக்கிறார்கள். குட்டை போல்ட்டுக்கு அது கிடையாது, தளரும் அல்லது முறியும். ஹார்டுவேர் கடைப் போல்ட்டும் அப்படித்தான். அறைச் சூட்டில் எவ்வளவு பலமாக இருந்தாலும், செந்தணல் பக்கத்தில் மாதக்கணக்கில் இருந்தால் இளகிவிடும். எஞ்சினுக்கென்று வரும் சூடு தாங்கும் போல்ட்டையே போடுங்கள்.

ஏர் கன்னால் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு வரிசையாக இறுக்குவது பார்க்க வேகமாக இருக்கும். முதலில் எல்லாவற்றையும் கையால் ஓட்டிவிட்டு, நடுவில் ஆரம்பித்து இரு பக்கமும் மாறி மாறி வெளியே வர வேண்டும். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் போட்டு இரண்டு மூன்று தடவையாக இறுக்க வேண்டும். எவ்வளவு இறுக்குவது என்ற எண் எஞ்சினுக்கு எஞ்சின் மாறும், அந்த மாடலின் மேனுவலில் உள்ளதுதான் கணக்கு, வாட்ஸ்அப்பில் வந்தது அல்ல. மரையில் பூசும் பசையும் மேனுவல் சொன்னால் மட்டும். உலர்ந்த மரைக்குச் சொன்ன எண்ணை வழவழப்பான மரைக்கு வைத்தால் போல்ட்டு தேவைக்கு மேல் இழுபடும். சாதாரண கிரீஸ் எரிந்து கரியாகிவிடும், அதைப் பூசிப் பயனில்லை.

டர்போவைத் தனியாகக் கழற்றி வைத்திருந்தால், ஆயில் பைப்பில் தொங்கவிடாதீர்கள். திறந்த வாய்களையெல்லாம் மூடிவையுங்கள். நம்மூர் செம்மண் முற்றத்தில் ஒரு ராத்திரி திறந்து கிடந்தால் போதும். போர்ட்டுக்குள் விழுந்த ஒரு வாஷர், நிமிடத்துக்கு லட்சம் சுற்று அளவில் சுற்றும் டர்பைனில் போய் மோதும். மாட்டியதும் ஆயில் வாயில் கொஞ்சம் எஞ்சின் ஆயில் விட்டு, ஷாஃப்டைக் கையால் சுற்றிவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். 2020 ஏப்ரலுக்குப் பிந்தைய பி.எஸ். 6 வண்டி என்றால் சூட்டை அளக்கும் சென்சார்களும் பல எஞ்சின்களில் இ.ஜி.ஆர். கூலரும் (எஞ்சினுக்கே திரும்பும் புகையைக் குளிர்விப்பது) இதே பகுதியில் இருக்கும். புது மேனிஃபோல்டில் அந்த வாய்கள் எல்லாம் பொருந்துகிறதா என்று பழையதைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கும்வரை, பழையதை இரும்புக்கடைக்கு அனுப்பாதீர்கள்.

புதுசும் ஏன் வெடிக்கிறது

மேனிஃபோல்டு மாற்றிய கையோடு, முன்னது ஏன் போனது என்று பார்க்காமல் விடுவது பெரிய தவறு. சைலன்ஸர் தொங்கல் அறுந்திருக்கும், அல்லது குழாயின் வளைந்துகொடுக்கும் பகுதியான பெல்லோ இறுகிப்போயிருக்கும். குழாயின் முழுப் பாரமும் ஆட்டமும் மேனிஃபோல்டின் கழுத்தில் ஏறும். டர்போவுக்குத் தாங்கு பிராக்கெட் இருந்தால், அதைப் போடாமலே வண்டியை அனுப்புபவர்களும் இருக்கிறார்கள். சைலன்ஸர் அடைத்திருந்தாலோ, இன்ஜெக்டர் டீசலை ஒழுகவிட்டாலோ சூடு தாறுமாறாக ஏறும். டிரைவர் பக்கமும் ஒன்று உண்டு. முழு லோடில் வந்து, பிள்ளையார்பட்டி விலக்கில் டீக்கு நிறுத்தியதுமே சாவியைத் திருப்பிவிடுவது. இரண்டு மூன்று நிமிடம் ஐடிலில் விட்டால் மேனிஃபோல்டும் டர்போவும் சேர்ந்து ஆறும்.

முதல் ஸ்டார்ட்டில் கொஞ்சம் புகையும், கை பட்ட எண்ணெய் எரிவதுதான். சில நிமிடத்தில் நின்றுவிட வேண்டும். சூட்டைத் தடுக்கும் தகடுகளை மறக்காமல் மாட்டுங்கள். அவை இல்லாமல் பக்கத்து வயரிங்கும் பிரேக் பைப்பும் உருகியதால் நடுரோட்டில் வண்டிகள் எரிகின்றன. மறுநாள் காலை, எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும்போது ஓரங்களில் கரி இருக்கிறதா பாருங்கள். மேனுவல் மறு இறுக்கம் கேட்டால் அப்போதே, அந்தக் குளிர்ந்த நிலையிலேயே செய்யுங்கள்.