லிங்க் ஆகுது, ஓடினா கிராஷா? ஜிடிபிக்கு முன்னால் இதைப் பாருங்கள்

சி++ புரோகிராம் ஒழுங்காக லிங்க் ஆகி, ஓடும்போது ஸ்ட்ரிங்கைத் தொட்ட இடத்தில் செக்மென்டேஷன் ஃபால்ட் அடிக்கிறதா? ஜிடிபி டீபக்கரைத் திறக்கும் முன், நீங்கள் லிங்க் செய்த வெளி லைப்ரரி மேல் ‘ஸ்ட்ரிங்ஸ்’ கட்டளை (ஃபைலுக்குள் இருக்கும் எழுத்துகளைக் காட்டுவது) போட்டு, ‘ஜிசிசி’ (GCC, கம்பைலரின் பெயர்) என்று கிரெப் பண்ணுங்கள். எந்தப் பதிப்பில் கம்பைல் செய்தது என்று தெரிந்துவிடும். அரை நிமிட வேலை.

அங்கே ஜிசிசி 4.8, உங்களிடம் 11 என்றால் முதல் சந்தேகம் இந்தப் பதிப்பு வித்தியாசத்தின் மேல்தான். 2015-ல் வந்த ஜிசிசி 5, ஸ்ட்ரிங்கின் உள்ளமைப்பையே மாற்றியது: 64 பிட்டில் முன்பு 8 பைட், இப்போது 32. ஸ்ட்ரிங்கை நேரடியாக ஃபங்ஷனுக்கு அனுப்பினால் லிங்கரே கத்திவிடும். ஸ்ட்ரக்டுக்குள் வைத்து அனுப்பினால் ஃபங்ஷன் பெயர் மாறாது, லிங்கரும் கண்டுகொள்ளாது. வில்லங்கமே அங்கேதான்.

லைப்ரரியைப் புதிதாக பில்ட் செய்து வாங்குங்கள். ஓஎம்ஆரில் வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும், கிளையன்டிடம் சோர்ஸ் கேட்டால் என்ன பதில் வரும் என்று! சோர்ஸ் கிடைக்காவிட்டால், எந்த ஸ்ட்ரிங் அமைப்பு என்று தீர்மானிக்கும் சிஎக்ஸ்எக்ஸ்11 ஏபிஐ மேக்ரோவை (_GLIBCXX_USE_CXX11_ABI) 0 ஆக்கி, உங்கள் கோடு முழுவதையும் மறுபடி கம்பைல் செய்யுங்கள்.

வெறும் சி இன்டர்ஃபேஸ் உள்ள லைப்ரரிக்கு இது பொருந்தாது. சென்ட்ஓஎஸ் 7 லினக்ஸுக்குப் புது ஜிசிசி தரும் டெவ்டூல்செட்டில் பதிப்பு எண் புதிதாகத் தெரிந்தாலும் உள்ளே பழைய அமைப்புதான். எண்ணை நம்பி ஏமாறாதீர்கள்.