வீட்டிலேயே மழலையர் வகுப்பு: ஓராண்டுக்குத் திட்டமிடுவது எப்படி?

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளுக்கே பொருந்துவதால், ஐந்து வயதுப் பிள்ளைக்கு வீட்டிலேயே யூகேஜி நடத்த விரும்பும் பெற்றோர் தேர்வு, மதிப்பெண் என்ற கவலையின்றித் திட்டமிடலாம். பாடநூல் வாங்குமுன் பிள்ளையைச் சில நாள் கவனித்து, எதுவரை எண்ணுகிறது, ஒரே வேலையில் எவ்வளவு நேரம் அமர்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 3 முதல் 8 வயதினருக்காக 2022இல் வெளியான தேசியக் கலைத்திட்டச் சட்டகத்தோடு (எதை, எப்படிக் கற்பிக்கலாம் என்று சொல்லும் தேசிய வழிகாட்டி ஆவணம்) ஒப்பிட்டே எந்தப் பாடத்திட்டத்தையும் தேர்ந்தெடுங்கள்.

தமிழ் எழுத்துக்குத் தனிக் கவனம் தேவை. 247 எழுத்துகளையும் வரிசையாக எழுதவைக்கும் பயிற்சி ஏடுகளை நான் பரிந்துரைப்பதில்லை, ஏனெனில் அ, ஆ, இ ஆகியவற்றின் வளைவுகள் பிஞ்சு விரல்களுக்கு உண்மையிலேயே கடினமானவை. ட, ப, ம என்று நேர்க்கோட்டு வடிவங்களில் தொடங்கி, மெய்யெழுத்தின் புள்ளியையும் உடன் கற்றுத்தந்தால், படம், மடம், பட்டம் ஆகிய சொற்களைப் பிள்ளை விரைவிலேயே தானாகப் படித்துவிடும். அந்த மகிழ்ச்சியே அடுத்த எழுத்தைக் கேட்கவைக்கும்.

கணக்குக்குப் புளியங்கொட்டையும் பல்லாங்குழியும் போதும். எழுத்து வேலை நாளுக்கு அரைமணியைத் தாண்ட வேண்டாம். மீதிப் பொழுது கதைக்கும் விளையாட்டுக்கும் உரியது. ஆண்டை மூன்று பருவங்களாகப் பிரித்து, ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் பிள்ளைக்கு ஒத்துவராத நூலைத் தயங்காமல் மாற்றிவிடுங்கள்.