மனிதநேயப் பணிக்காக அமெரிக்காவிலிருந்து கியூபா போவது எப்படி? முதல்முறை போகிறவர்களுக்கு

கியூபாவுக்குப் போக அமெரிக்கர்களுக்குத் தடை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. அமெரிக்கச் சட்டம் தடுப்பது அங்கே பணம் செலவழிப்பதை. 1963 ஜூலையில் வந்த கியூபச் சொத்துக் கட்டுப்பாட்டு விதிகள்தான் இன்றும் அடிப்படை. அறை வாடகை, டாக்ஸி, ஒரு காபி என எதற்குக் காசு கொடுத்தாலும் அதற்கு அனுமதி வேண்டும் என்பது அந்த விதிகளின் கணக்கு. சுற்றுலாவுக்கு மட்டும் எந்த வழியும் இல்லை. 2000-ல் நாடாளுமன்றமே சட்டம் போட்டு மூடிவிட்டதால், எந்த அதிபராலும் தனியாக அதைத் திறந்துவிட முடியாது.

இது அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டுமான விதி என்று நினைக்காதீர்கள். கிரீன் கார்டு வைத்திருப்பவர், எச்-1பி விசாவில் வேலை செய்பவர், படிக்க வந்தவர் என அமெரிக்காவில் இருக்கிற எல்லாரையும் இது கட்டுப்படுத்தும். இந்திய பாஸ்போர்ட்டில் போகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. அமெரிக்க விசா ஸ்டாம்ப் காலாவதியாகியிருந்தாலும் கனடா, மெக்சிகோவுக்குக் குறுகிய பயணம் போய்த் திரும்பச் சலுகை உண்டு அல்லவா? கியூபாவுக்கு அது கிடையாது. ஸ்டாம்ப் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

படி 1: எந்தப் பிரிவில் போகிறீர்கள்?

அமெரிக்கக் கருவூலத் துறையின் கீழ் இருக்கும் வெளிநாட்டுச் சொத்துக் கட்டுப்பாட்டு அலுவலகம், சுருக்கமாக ஓஃபாக், 12 பிரிவுகளில் பயணத்தை அனுமதிக்கிறது. உறவினரைப் பார்ப்பது, பத்திரிகைப் பணி, ஆராய்ச்சி, மதப்பணி என்று போகும் அந்தப் பட்டியலில் மனிதநேயத் திட்டங்களும் ஒன்று. விதி எண் 515.575. இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு விண்ணப்பம் போட வேண்டியதில்லை. இது பொது உரிமம். உங்கள் பயணம் விதியில் சொன்னபடி இருந்தால் அனுமதி ஏற்கெனவே இருப்பதாகவே பொருள். யாரும் கையெழுத்துப் போட்டுக் கடிதம் தர மாட்டார்கள். கேட்க வசதியாகத்தான் இருக்கிறது. ஆனால் பொருந்துகிறதா இல்லையா என்று முடிவு செய்யும் பொறுப்பு முழுக்க உங்கள் தலையில்தான். நாளைக்கு யாராவது கேட்டால் நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும்.

515.575-ல் என்னென்ன வரும்? மருத்துவம், சுகாதாரம் சார்ந்த திட்டங்கள், பேரிடர் நிவாரணம், சுற்றுச்சூழல், பழைய கட்டடங்களைப் பாதுகாப்பது, சுதந்திரமான குடிமக்கள் குழுக்களுக்கான கட்டுமானம், தொழிற்பயிற்சி, வயதுவந்தோர் எழுத்தறிவு, கிராம வேளாண்மை, சிறு தனியார் தொழில், அடிப்படைத் தேவைகளை நிறைவேற்றும் திட்டங்கள். கூடவே ஒரு நிபந்தனை: உங்கள் நாள் முழுநேர வேலையாக இருக்க வேண்டும், அதற்கு மீறிய ஓய்வும் பொழுதுபோக்கும் கூடாது.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ஒரு பெட்டி நிறைய மாத்திரை எடுத்துக்கொண்டு போய் முதல் நாள் கொடுத்துவிட்டு, மீதி ஆறு நாள் வரதேரோ கடற்கரையில் படுத்திருந்தால் அது மனிதநேயப் பயணம் அல்ல, சுற்றுலா. மனம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சட்டம் பார்ப்பது உங்கள் கால அட்டவணையை மட்டும்தான்.

திட்டம் எதுவும் கையில் இல்லை, ஆனால் உதவ ஆசை என்றால் 515.574 பிரிவைப் பாருங்கள். கியூப மக்களுக்கு ஆதரவு என்பது அதன் பெயர். தனியார் வீட்டில் தங்கி, தனியார் உணவகத்தில் சாப்பிட்டு, சுயதொழில் செய்கிறவர்களோடும் உள்ளூர்க் குழுக்களோடும் நாள் முழுக்கப் பழகும் பயணம் அதில் அடங்கும். வீட்டில் தங்கினால் மட்டும் போதாது, பகலிலும் அதற்கான வேலை இருக்க வேண்டும். என்னைக் கேட்டால், தனியாக முதல்முறை போகிறவருக்கு இதுதான் பெரும்பாலும் பொருந்தும். 515.575-ஐ ஓர் அமைப்போடு சேர்ந்து போகும்போது எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த விதிகள் ஆட்சிக்கு ஆட்சி மாறும். 2016-ல் திறந்த தனிநபர்க் கலாசாரப் பயணம் 2017-ல் மூடப்பட்டது. 2019-ல் குழுப் பயணமும் போனது, 2022-ல் குழு மட்டும் திரும்பி வந்தது. 2025 ஜூனில் வெள்ளை மாளிகை வெளியிட்ட ஆணை, சுற்றுலாத் தடையைக் கடுமையாக அமல்படுத்தவும் பயணிகளின் ஆவணங்களைத் தணிக்கை செய்யவும் சொல்கிறது. அதனால் டிக்கெட் எடுக்கிற வாரம் ஓஃபாக் தளத்தை ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள். இந்தப் பதிவை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

படி 2: டிக்கெட்டுக்கு முன்னால் அட்டவணை

எல்லாரும் முதலில் விமானக் கட்டணத்தைத்தான் தேடுவார்கள். நான் சொல்வது தலைகீழ். முதலில் கியூபாவில் உங்களை ஏற்றுக்கொள்ளும் ஓர் இடத்தைப் பிடியுங்கள். கத்தோலிக்கத் திருச்சபையின் காரித்தாஸ் அமைப்பு தீவு முழுக்க இருக்கிறது. அந்த நாட்டில் ஏறக்குறைய நாலில் ஒருவர் 60 வயதைத் தாண்டியவர். பிள்ளைகள் வெளிநாடு போய்விட, தனியாக இருக்கும் முதியவர்களுக்குத் தேவாலயங்கள் மதியச் சாப்பாடு போடுகின்றன. ஹவானாவின் வேதாடோ பகுதியில் உள்ள யூதக் கோயிலில் ஒரு சிறு மருந்தகம் பல வருடமாக நடக்கிறது. வெளிநாட்டுக் குழுக்கள் கொண்டுவரும் மருந்துதான் அதன் கையிருப்பு. அமெரிக்கப் பக்கம் பார்த்தால், பிட்ஸ்பர்கின் குளோபல் லிங்க்ஸ் போன்ற அமைப்புகளுக்கு கியூபாவுக்கு மருத்துவப் பொருள் அனுப்பி நீண்ட அனுபவம் உண்டு.

1992 முதல் 'பாஸ்டர்ஸ் ஃபார் பீஸ்' என்ற அமெரிக்க மதகுருமார் குழுவினர் உரிமம் வேண்டாம் என்று சொல்லிவிட்டே கியூபாவுக்கு வண்டி வண்டியாகப் பொருள் கொண்டுபோனார்கள். அது தெரிந்தே செய்த சட்ட மறுப்பு, அவர்களுக்குப் பின்னால் ஒரு பெரிய இயக்கம் இருந்தது. முதல்முறை போகிறவர் பார்த்துச் செய்கிற காரியம் இல்லை.

இடம் கிடைத்ததும் நாள்வாரியாக எழுதுங்கள். 'திங்கள்: காலை 9 முதல் 1 வரை தேவாலயச் சமையலறையில் வேலை. 2 முதல் 5 வரை வீட்டோடு கிடக்கும் முதியவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோதல்.' இப்படி யாருடன், எங்கே, என்ன வேலை என்று இருந்தால் போதும். அழைப்புக் கடிதமோ மின்னஞ்சலோ வாங்கி அதோடு சேர்த்து வையுங்கள். மாலையில் ஹவானாவின் மலெக்கோன் கடற்கரைச் சாலையில் நடப்பதை யாரும் குற்றம் சொல்லப்போவதில்லை. பகல் வேலைக்காக இருந்தால் சரி.

நீங்கள் டாக்டரோ நர்ஸோ என்றால் ஒன்று கவனியுங்கள். கியூப சுகாதார அமைச்சகத்தின் அனுமதி இல்லாமல் அங்கே நோயாளியைத் தொட முடியாது. அரசு மருத்துவமனைக்கு நேரே போய்ப் பெட்டியை நீட்டுவதும் சரிப்படாது, அதற்கும் மேலிட ஒப்புதல் கேட்பார்கள். கியூபா வழக்கமாகத் தரும் சுற்றுலா விசாவிலேயே இந்த வேலையைச் செய்யலாமா, வேறு விசா வேண்டுமா என்பதையும் உங்களை அழைக்கும் அமைப்பிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

படி 3: டிக்கெட், விசா, படிவம்

மயாமியிலிருந்து ஹவானா ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். டிக்கெட் எடுக்கும்போதே 12 பிரிவுகளில் எது என்று விமான நிறுவனம் கேட்கும். அட்டவணையில் உள்ளதையே தேர்ந்தெடுங்கள். இரண்டும் வேறாக இருந்தால் பின்னால் தலைவலி.

முன்பு பச்சை, இளஞ்சிவப்பு நிறங்களில் தாள் அட்டை விசா கொடுத்தார்கள். இப்போது மின்விசா. அதை வாங்கியபிறகு 'டி வியாஹெரோஸ்' என்ற இணையப் படிவத்தைப் பயணத்துக்கு முந்தைய சில நாட்களுக்குள் நிரப்பி, வருகிற கியூஆர் குறியீட்டை அச்சடித்து வையுங்கள். ஃபோனில் மட்டும் வைத்திருந்தால் சார்ஜ் போனால் கதை முடிந்தது. பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்ல வேண்டும். கியூபா கேட்கும் மருத்துவக் காப்பீட்டை அமெரிக்க விமான நிறுவனங்கள் பொதுவாக டிக்கெட் விலையிலேயே சேர்த்துவிடும். அதற்குச் சாட்சி போர்டிங் பாஸ்தான், தூக்கிப் போடாதீர்கள்.

கியூபாவில் பிறந்து அமெரிக்கக் குடிமக்கள் ஆனவர்களின் கதை வேறு. அவர்களைக் கியூபா இன்னும் தன் குடிமக்களாகவே பார்க்கிறது, கியூப பாஸ்போர்ட் கேட்கும். குழுவில் அப்படி யாராவது இருந்தால் முன்கூட்டியே கவனிக்க வேண்டும்.

படி 4: பெட்டி

என்ன கொண்டுபோவது என்பதை உங்கள் ஊகத்துக்கு விடாதீர்கள், போகிற இடத்தில் கேளுங்கள். பெரும்பாலும் கேட்பவை: பாராசிட்டமால், வைட்டமின், ரத்தஅழுத்த மாத்திரை, ஆஸ்துமா இன்ஹேலர், சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப், கட்டுத்துணி, படிக்கிற கண்ணாடி, நாப்கின், முதியோர் டயப்பர், பால் பவுடர். மின்வெட்டு அன்றாடம் என்பதால் சார்ஜ் செய்யும் விளக்குக்கும் நல்ல வரவேற்பு.

மருந்து உடைக்காத பெட்டியில், மூல லேபிளோடு இருக்க வேண்டும். டப்பாவில் கொட்டி எடுத்துப் போனால் சுங்கத்தில் நிற்கும். காலாவதிக்கு இன்னும் ஆறு மாதமாவது இருக்கிற மாதிரி வாங்குங்கள். அடுத்த மாதம் கெட்டுப்போவதைக் கொண்டுபோய்க் கொடுப்பது உதவியில்லை, குப்பையை இடம் மாற்றுவது. கியூபாவில் 10 கிலோ வரை மருந்துக்குத் தீர்வை இல்லை என்பது பழைய விதி. 2021 ஜூலையில் உணவு, மருந்து, சோப்பு போன்றவற்றுக்கு இன்னும் பெரிய தற்காலிகச் சலுகை கொடுத்து, அதைத் தவணை தவணையாக நீட்டி வந்தார்கள். நீங்கள் போகும் தேதியில் அது நடப்பில் இருக்கிறதா என்று கியூப சுங்கத் தளத்தில் பாருங்கள். இந்தப் பொருட்களைத் தனிப் பெட்டியில் வைத்து, மேலே ஸ்பானிய மொழியில் ஒரு பட்டியல் போட்டுவிட்டால் சுங்கத்தில் பாதி நேரம் மிச்சம். அமெரிக்காவில் டைலெனால் என்று வாங்குவதை அங்கே பாராசெடமோல் என்று எழுதினால்தான் புரியும்.

அமெரிக்கப் பக்கமும் ஏற்றுமதி விதிகள் உண்டு, அவை வணிகத் துறையுடையவை. சொந்தப் பையில் கொஞ்சம் எடுத்துப்போவதற்கு மேல் அளவு போனால், ஏற்கெனவே உரிமம் வைத்திருக்கும் ஓர் அமைப்பு வழியாகவே அனுப்புங்கள்.

எடுத்துப்போகக் கூடாதவை: டிரோன், வாக்கிடாக்கி, செயற்கைக்கோள் ஃபோன், ஸ்டார்லிங்க் போன்ற செயற்கைக்கோள் இணையக் கருவிகள். விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அமெரிக்க அரசு உதவி நிறுவனத்தின் ஒப்பந்தப் பணியில் ஆலன் கிராஸ் என்பவர் அங்குள்ள யூத சமூகத்துக்கு இணைய இணைப்புக் கருவிகள் கொண்டுபோனார். 2009 டிசம்பரில் கைதாகி, 2011-ல் 15 ஆண்டுத் தண்டனை பெற்று, 2014 டிசம்பரில்தான் வெளியே வந்தார். மருந்துப் பெட்டி கொண்டுபோகிறவர் மருந்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

படி 5: பணமும் படுக்கையும்

அமெரிக்க வங்கி கொடுத்த எந்த அட்டையும் அங்கே வேலை செய்யாது, ஏடிஎம்மிலும் கிடையாது. முழுப் பயணத்துக்கும் ரொக்கம்தான். போட்ட கணக்குக்கு மேல் கொஞ்சம் கூடுதலாக, கிழியாத கசங்காத சின்ன நோட்டுகளாக டாலரோ யூரோவோ எடுத்துப்போங்கள். 5,000 டாலருக்கு மேல் இருந்தால் கியூப சுங்கத்தில் அறிவிக்க வேண்டும். அரசு மாற்று விகிதத்துக்கும் வெளியே நடக்கும் விகிதத்துக்கும் பெரிய இடைவெளி உண்டு, தங்குகிற வீட்டுக்காரரைக் கேட்டாலே நிலவரம் தெரிந்துவிடும். அதற்காகத் தெருவில் கூப்பிடுகிறவரிடம் மாற்றாதீர்கள். அறை வாடகையை மட்டும் ஏர்பிஎன்பி வழியாக இங்கிருந்தே கட்டலாம்.

தங்குவதற்கு 'காசா பர்திகுலர்' எனப்படும் தனியார் வீடுகள். வாசலில் நங்கூரம் போன்ற நீல அடையாளம் இருக்கும். அரசு ஹோட்டல்கள் வேண்டாம், ஏனென்றால் அமெரிக்க வெளியுறவுத் துறை ஒரு தடைப் பட்டியல் வைத்திருக்கிறது. ராணுவத்தின் கயேசா குழுமம், அதன் கவியோத்தா ஹோட்டல்கள் எல்லாம் அதில் வரும். பழைய ஹவானாவின் மன்சானா கெம்பின்ஸ்கி ஹோட்டல் 2017-லேயே அந்தப் பட்டியலில் ஏறியது. நம் ஆட்கள் கண்ணில் இன்னொரு பெயரும் படும். 'முத்து' என்ற பெயரில் கியூபாவில் பல ஹோட்டல்கள் உண்டு, சென்னை எம்ஜிஎம் குழுமம் நடத்துபவை. கட்டடம் கியூப அரசு நிறுவனங்களுடையது. பெயரைப் பார்த்துப் பாசத்தில் பதிவு செய்துவிடாமல் பட்டியலைப் பாருங்கள்.

படி 6: அங்கே இருக்கும்போது

2024 அக்டோபர் 18 அன்று மதான்சாஸின் அந்தோனியோ கித்தெராஸ் மின்நிலையம் நின்று நாடு முழுக்க இருண்டது. அதற்குப் பிறகும் அப்படிப் பலமுறை நடந்துவிட்டது. பவர் பேங்க், டார்ச், கொஞ்சம் உலர் உணவு, ஃபோனில் இணையம் இல்லாமல் ஓடும் வரைபடம், முடக்கிய தளங்களைத் திறக்க ஒரு விபிஎன் செயலி எல்லாம் கிளம்பும் முன்பே தயாராக இருக்கட்டும். எரிபொருள் தட்டுப்பாட்டால் பஸ்ஸும் விமானமும் திடீரென மாறும், திட்டத்தில் ஒரு நாள் தளர்வு விடுங்கள். டெங்கு, சிக்குன்குன்யா இருக்கிறது. கொசு மருந்து உங்களுக்கும் வேண்டும், கொடுக்கவும் வேண்டும்.

பொருளைத் தெருவில் நின்று விநியோகிக்காதீர்கள். கூட்டம் சேரும், வாங்குகிறவருக்கும் சங்கடம், போலீஸுக்கும் கேள்வி வரும். யாருக்கு என்ன தேவை என்று உள்ளூர்க்காரர்களுக்குத்தான் தெரியும், அவர்கள் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் பின்னால் நில்லுங்கள். மருந்துச் சீட்டு தேவைப்படும் மாத்திரையை நீங்களாக யாருக்கும் எடுத்துக் கொடுக்கவே கூடாது. கொடுத்ததற்கு ஒரு வரியில் ரசீது எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முதியவர்களையோ குழந்தைகளையோ படம் எடுத்து முகநூலில் போடுவதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

படி 7: திரும்பி வந்தபின்

குடியேற்ற அதிகாரி கேட்டால் பிரிவைச் சொல்லுங்கள், சுற்றிவளைக்க வேண்டாம். சுருட்டும் ரம்மும் பெட்டியில் இருக்கக் கூடாது. 2020 செப்டம்பரிலிருந்து ஒரு பாட்டில்கூடக் கொண்டுவர அனுமதியில்லை. புத்தகம், ஓவியம், இசைத்தட்டு கொண்டுவரலாம்.

அட்டவணை, அழைப்புக் கடிதம், வீட்டு வாடகை ரசீது, கொடுத்த பொருளின் பட்டியல், போர்டிங் பாஸ் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஒரே கோப்பில் போடுங்கள். முன்பு ஐந்து ஆண்டு வைத்திருந்தால் போதும் என்று இருந்தது. 2025 மார்ச் 12 முதல் ஓஃபாக் அதைப் பத்து ஆண்டாக்கிவிட்டது. ஒவ்வொரு நாள் இரவும் அன்றைக்கு என்ன செய்தோம் என்று நாலு வரி எழுதி அதே கோப்பில் சேர்த்திருந்தால், அட்டவணையில் எழுதியது உண்மையில் நடந்ததற்கு அதுவும் சாட்சி.