காற்று வாயை வெட்டிப் பெரிதாக்காதீர்கள்: வீட்டில் கட்டிய விமானத்தில் எஞ்சின் சூட்டைக் குறைக்கும் முறை

மேலே ஏறும்போது சிலிண்டர் ஹெட் சூடு 220 டிகிரி செல்சியஸைத் தாண்டியும் நிற்காமல் ஏறுகிறது என்றால், எஞ்சினை மூடும் உறையான கவுலிங்கின் முன்னால் இருக்கும் காற்று வாயைப் பெரிதாக்கலாம் என்றுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். தயவுசெய்து வேண்டாம். என் இரண்டு இருக்கை விமானத்தில் இருப்பது லைகமிங் ஓ-320 எஞ்சின். அதற்கு வேண்டிய காற்று முதலிலிருந்தே உள்ளே வந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் வந்ததில் கணிசமான பகுதி சிலிண்டரைத் தொடாமலேயே வெளியே போய்விட்டது. வாயைப் பெரிதாக்கியிருந்தால் இழுவை கூடியிருக்கும், சூடு அப்படியே இருந்திருக்கும்.

கீழே சொல்வது லைகமிங், கான்டினென்டல், ஜபிரு மாதிரி காற்றால் குளிரும் எஞ்சின்களுக்கு. கவுலிங்கைக் கழற்றுவது, காற்றைச் சிலிண்டர் பக்கம் திருப்பும் பேஃபிள் தகட்டைப் பொருத்துவது எல்லாம் விமானம் கட்டியவருக்குத் தெரிந்ததுதான், அதற்குள் போகவில்லை. காற்று சிலிண்டர்களுக்கு மேலே வந்து நிறைந்து, சிலிண்டரைச் சுற்றியுள்ள மெல்லிய உலோக இதழ்களான ஃபின்களின் இடுக்கு வழியாகக் கீழே இறங்கி, அடியில் வெளியேற வேண்டும். அதைத் தள்ளுவது மேலுக்கும் கீழுக்கும் உள்ள அழுத்த வித்தியாசம். மேலே ஒழுகினாலும், கீழே அடைத்தாலும் அந்த வித்தியாசம் குறையும். மீதி எல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

படி 1: மீட்டரை நம்பலாமா என்று பாருங்கள்

சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் முனையைக் கொதிக்கும் தண்ணீரில் வையுங்கள். கடல்மட்டத்தில் 100 டிகிரி காட்ட வேண்டும். ஒரே ஒரு சிலிண்டர் மட்டும் சூடாகக் காட்டினால் அதன் முனையையும் பக்கத்துச் சிலிண்டரின் முனையையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள், சூடு முனையோடு சேர்ந்து இடம் மாறினால் சிலிண்டர் மேல் குற்றமில்லை. ஸ்பார்க் பிளக்கின் அடியில் வாஷராக வரும் வகையும், ஹெட்டில் உள்ள குழிக்குள் போகும் வகையும் ஒரே அளவைக் காட்டாது. எனக்குக் குழிக்குள் போகும் வகைதான் பிடிக்கும்.

லைகமிங்கில் சிவப்புக் கோடு 260 டிகிரி. அது எல்லை, அங்கேயே குடியிருக்கும் இடமில்லை. நேராகப் பறக்கும்போது 205-க்குக் கீழே வைத்திருந்தால் சிலிண்டர் நீண்ட நாள் உழைக்கும். ஏறும்போது 220-ஐத் தொட்டால் நான் மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் கூட்டிவிடுவேன்.

படி 2: காற்றுக்குச் சம்பந்தமில்லாத காரணங்கள்

இக்னிஷன் டைமிங்கை எஞ்சினின் தகட்டில் எழுதியிருக்கும் அளவோடு ஒப்பிடுங்கள், பெரும்பாலான ஓ-320களில் 25 டிகிரி. அதைவிட முன்னதாகத் தீப்பிடித்தால் சூடு கூடும். முழுத் திராட்டிலில் எவ்வளவு எரிபொருள் போகிறது என்று எஞ்சின் கையேட்டில் உள்ள வரைபடத்தோடு சரிபாருங்கள், குறைவாக இருந்தால் கார்புரேட்டரைக் கவனிக்காமல் பேஃபிளில் கை வைப்பது வீண். இன்டேக் குழாயில் கசிவு இருந்தால் அந்த ஒரு சிலிண்டர் மட்டும் எரிபொருள் குறைந்து சூடேறும். புது எஞ்சின் என்றால் ரிங்குகள் படியும்வரை சூடு அதிகமாகத்தான் இருக்கும், அது தானாக இறங்கியபிறகு மற்றதை யோசிக்கலாம்.

படி 3: ஒழுகும் இடத்தைத் தேடுவது

இருட்டியபிறகு கவுலிங்கை மாட்டி, கீழ்ப்பக்கத்துக்குள் நல்ல வெளிச்சமான விளக்கை வைத்து, முன் வாய் வழியாக உள்ளே பாருங்கள். எங்கே வெளிச்சக் கீற்று தெரிகிறதோ அங்கே காற்று ஒழுகும். கிராங்க்கேஸும் பேஃபிளும் சேரும் கோடு, மூலைகள், பிளக் ஒயர் நுழையும் ஓட்டைகள், ஆயில் கூலரைச் சுற்றி, அப்புறம் முன் வாயின் சரிவுக்குப் பின்னால். இதையெல்லாம் அதிகச் சூடு தாங்கும் சிலிகோன் பசையால் அடைத்துவிடலாம்.

ஆனால் என்னை நெடுநாள் சுற்றவிட்டது வெளிச்சத்தில் தெரியாத ஒன்று. பேஃபிளின் மேல் விளிம்பில் இருக்கும் ரப்பர் பட்டை, விமானம் தரையில் நிற்கும்போது கவுலிங்கோடு கச்சிதமாக ஒட்டியிருக்கும், பறக்கும்போது விலகிவிடும். காரணம், உள்ளே அழுத்தம் ஏறியதும் மேல் கவுலிங் சற்று உப்பிக்கொண்டு மேலே எழும்புகிறது. பட்டை குட்டையாக இருந்தால் அங்கே இடைவெளி விழும். பட்டை அழுத்தம் உள்ள பக்கம், அதாவது எஞ்சின் பக்கம் வளைந்திருக்க வேண்டும், அப்போதுதான் காற்றே அதைக் கவுலிங்கோடு சேர்த்து அழுத்தும். வெளிப்பக்கம் மடிந்திருந்தால் காற்று தள்ளித் திறந்துகொண்டு போய்விடும்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. சில மணிநேரம் பறந்தபிறகு மேல் கவுலிங்கைத் தலைகீழாகப் போட்டு உட்புறத்தைப் பாருங்கள். ரப்பர் உரசிய கறுப்புக் கோடு ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை விடாமல் ஓட வேண்டும். எனக்குப் பின் மூலை இரண்டிலும் கோடு அறுந்து, அந்த இடத்தில் விரல் அகலத்துக்கு ஃபைபர் துடைத்துவிட்டது போலச் சுத்தமாக இருந்தது. அங்கே அகலமான பட்டை போட்டதும் நான்கு சிலிண்டர்களும் இறங்கின. துணி வைத்து வார்த்த சிலிகோன் பட்டையையே வாங்குங்கள், துண்டு துண்டாக வைக்காமல் முடிந்தவரை ஒரே நீளமாக வையுங்கள், மூலையில் சேருமிடத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கட்டும்.

படி 4: சிலிண்டர்களுக்கு இடையே

சிலிண்டர்களுக்கு அடியில் இரண்டுக்கும் நடுவே வரும் சின்னத் தகடுகள் ஃபின்களை ஒட்டி அணைத்திருக்க வேண்டும். இங்கே விளக்குச் சோதனை உதவாது, ஃபின்களின் நடுவே எப்படியும் வெளிச்சம் வரும். விரலை விட்டுத் தடவித்தான் பார்க்க வேண்டும். கூடவே ஒரு மெல்லிய கம்பியை ஹெட்டின் ஒவ்வொரு ஃபின் இடுக்கிலும் மேலிருந்து கீழே விட்டுப் பாருங்கள், வார்ப்பில் தங்கிய உலோகச் சவ்வு அடைத்திருந்தால் கம்பி தடுக்கும். அதைச் சின்ன உருண்டை அரத்தால் பொறுமையாக எடுக்கலாம், ஃபினை மட்டும் காயப்படுத்தாதீர்கள்.

லைகமிங் நான்கு சிலிண்டர் வைத்திருப்பவர்கள் 2-ஆம் சிலிண்டரின் முன்பக்கத்தையும் 3-ஆம் சிலிண்டரின் பின்பக்கத்தையும் தனியாகக் கவனிக்க வேண்டும். அங்கே ஃபின் ஆழம் குறைவு, பேஃபிள் தகடு ஹெட்டில் ஒட்டி உட்கார்ந்தால் காற்று இறங்க வழியே இருக்காது. தகட்டுக்கும் ஹெட்டுக்கும் இடையே ஒரு வாஷர் கொடுத்துத் தள்ளி வைத்தாலே போதும்.

படி 5: அழுத்தத்தை அளப்பது

இதற்குத் தனிக் கருவி வாங்க வேண்டாம், உபரியாக ஒரு வேகமானி இருந்தால் போதும். ஒரு மெல்லிய குழாயின் நுனியை அடைத்து, பக்கவாட்டில் சிறு துளைகள் போட்டு எஞ்சினுக்கு மேலே கட்டுங்கள், அதேபோல் இன்னொன்று கீழே. மேல் குழாயை வேகமானியின் பிட்டோ முனையிலும் (எதிர்க்காற்றின் அழுத்தம் வரும் முனை), கீழ்க் குழாயை ஸ்டாட்டிக் முனையிலும் (சுற்றுப்புறக் காற்றின் அழுத்தம் வரும் முனை) மாட்டுங்கள். அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் போகும், அதனால் விமானம் 100 நாட் காட்டும்போது இது 70 காட்டினால், கிடைக்கக்கூடிய அழுத்தத்தில் பாதிதான் ஃபின்களுக்குப் போகிறது. 100 நாட்டில் முழு அழுத்தம் என்பது சுமார் 165 மில்லிமீட்டர் நீர் உயரம்.

அடுத்து மேல், கீழ் இரண்டையும் விமானத்தின் ஸ்டாட்டிக்கோடு தனித்தனியாக ஒப்பிடுங்கள். மேலே அழுத்தம் குறைவு என்றால் ஒழுகல் இன்னும் இருக்கிறது, படி 3-க்குத் திரும்புங்கள். மேலே நன்றாக இருந்து கீழேயும் அதிகமாக இருந்தால் வெளியேறும் வழி அடைபட்டிருக்கிறது. எஞ்சினுக்கும் விமானி அறைக்கும் நடுவே உள்ள தடுப்பான ஃபயர்வாலில் இந்தக் குழாய் நுழையும் ஓட்டையை அவசியம் அடைத்துவிடுங்கள், கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும் வழி அதுதான்.

படி 6: வெளியேறும் வழி

வெளி வாயின் பரப்பைக் கணக்கிடும்போது அதன் வழியாகப் போகும் எக்ஸாஸ்ட் குழாய்களின் பரப்பைக் கழியுங்கள், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சூடான காற்று விரிந்திருக்கும், உள்ளே வந்ததைவிட அதற்கு அதிக இடம் வேண்டும். ஃபயர்வாலின் கீழ் விளிம்பு கூர்மையாக இருந்தால் அங்கே வளைந்த தகடு ஒன்று வையுங்கள். கவுலிங்கின் கடைசி விளிம்பில் கீழ்நோக்கிச் சாய்ந்த சின்ன அலுமினியத் தகட்டைத் திருகாணியால் மாட்டிப் பறந்து பாருங்கள், பலன் தெரிந்தபிறகு நிரந்தரமாகச் செய்யலாம். நிரந்தரத் தகடு நேராகப் பறக்கும்போது இழுவை பிடிக்கும், அதனால் என் ஓட்டு திறந்து மூடும் தகடான கவுல் ஃபிளாப்புக்கே.

எதைச் செய்தாலும் ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அதே எடை, அதே ஏறும் வேகம், வெளிச்சூடு மாறியிருந்தால் ஒரு டிகிரிக்கு ஒரு டிகிரி என்று தோராயமாகக் கழித்துக்கொள்ளுங்கள்.

பின்னால் சேர்த்தது: ரோட்டாக்ஸ் 912 எஞ்சின் வைத்திருக்கும் சிலர் இது தங்களுக்கும் பொருந்துமா என்று கேட்டிருந்தார்கள். அதில் ஹெட்டைக் குளிர்விப்பது திரவம், சிலிண்டர் உடலை மட்டும்தான் காற்று. உங்கள் வேலை ரேடியேட்டரில். படி 5-ஐ ரேடியேட்டரின் முன்னும் பின்னும் குழாய் வைத்துச் செய்யுங்கள்.

ஹெட் சரியாக இருக்கிறது, ஆயில் சூடு மட்டும் 118 டிகிரியை நெருங்குகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். முதலில், சூடான ஆயிலைக் கூலர் பக்கம் திருப்பிவிடும் வெர்னாதெர்ம் வால்வைக் கழற்றி, உட்காருமிடத்தில் வளையம் முழுசாகப் பதிந்த தடம் இருக்கிறதா என்று பாருங்கள். தடம் அரைகுறையாக இருந்தால் சூடான ஆயில் கூலருக்குப் போகாமல் குறுக்கு வழியில் திரும்பிவிடுகிறது, எவ்வளவு பெரிய கூலர் வைத்தாலும் பயனில்லை. தடம் சரியாக இருந்தால், கூலரின் பின்பக்கம் காற்று தடையில்லாமல் வெளியேறுகிறதா என்று அடுத்ததாகப் பாருங்கள்.