"ஏதாவது வேணும்னா சொல்லுங்க" வேண்டாம்

திருச்சபையில் யாராவது மருத்துவமனையில் படுத்திருந்தாலோ, வீட்டில் துக்கம் நடந்திருந்தாலோ, "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்பதற்குப் பதிலாக நாளையும் வேலையையும் நீங்களே குறித்துச் சொல்லிவிடுங்கள்: "அக்கா, வியாழக்கிழமை காலையில பசியாற இடியப்பம் கொண்டு வர்றேன், அப்படியே பிள்ளைங்களப் பள்ளியில விட்டுடறேன், சரியா?" அப்புறம் கைப்பேசியில் மூன்று வாரம் தள்ளி ஒரு நினைவூட்டலும் போட்டுவையுங்கள்.

வாய் திறந்து உதவி கேட்க நம் ஆட்களுக்குக் கூச்சம் அதிகம், ஆனால் குறிப்பாக ஒன்றைச் சொன்னால் "சரி" என்று ஒரு வார்த்தையில் முடிந்துவிடும். நல்லடக்கம் நடந்த வாரம் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டில் கால் வைக்க இடமிருக்காது, சாப்பாடு மிஞ்சிக் கெட்டுப்போகும் (எல்லாரும் பிரியாணியே கொண்டு வந்தால் வேறென்ன ஆகும்); மூன்றாவது வாரம்தான் கதவைத் தட்ட ஆள் இருக்காது. கையில் இருக்கும்போதே அயலானை "போய் நாளைக்கு வா" என்று திருப்பி அனுப்பாதே என வேதாகமத்தில் நீதிமொழிகள் 3:28 சொல்வதும், சாப்பாட்டுக்கு வழியில்லாதவரிடம் "பசியாறுங்கள்" என்று வெறும் வாயால் சொல்வதை யாக்கோபு 2:16 கேள்வி கேட்பதும் இதைத்தான்.

பணமுடை என்றால் இந்த மூன்று வாரக் கணக்கெல்லாம் வேண்டாம், ஐம்பது வெள்ளியானாலும் (ரிங்கிட்) அன்றைக்கே கொடுங்கள். மலாய்க்காரப் பக்கத்து வீடு என்றால் ஹலால் பார்ப்பார்கள், அதனால் சமைத்ததைவிடப் பழங்களே நல்லது. சர்க்கரை நோயாளிக்கும் சிறுநீரக நோயாளிக்கும் கேட்காமல் சாப்பாடு கொண்டுபோகாதீர்கள். இரண்டு தடவை "வேண்டாம்" என்றால் விட்டுவிடுங்கள்.