பிளேடு வாங்கும்போது பிளையை மட்டும் எண்ணாதீர்கள்

டேபிள் டென்னிஸ் பேட்டில் ரப்பருக்கு அடியில் இருக்கும் மரப்பலகைதான் பிளேடு. அதை வாங்கப் போகிறவர் கடையில் முதலில் கேட்பது 'எத்தனை பிளை?', அதாவது எத்தனை அடுக்கு, என்றுதான். 5 என்றால் கன்ட்ரோல், 7 என்றால் ஸ்பீடு, நடுவே கார்பன் இழை அடுக்கு இருந்தால் இன்னும் ஸ்பீடு. இந்தக் கணக்கை நம்பித்தான் பலரும் கைக்கு ஒத்துவராத பிளேடை வாங்கிவிடுகிறார்கள்.

கணக்கு சரியென்றால் ஒற்றைப் பலகை பிளேடுதான் எல்லாவற்றையும்விட மெதுவாக இருக்க வேண்டும். ஆனால் 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற தென்கொரிய வீரர் ரியூ சியுங்-மின் பிடித்த ஜப்பானிய பென்ஹோல்ட் (பேனா பிடிப்பது போலப் பிடிக்கும்) பேட் வகைக்குப் பெயர் வாங்கித் தந்ததே ஒற்றை ஹினோக்கிப் பலகைதான். ஹினோக்கி மென்மையான மரம். ஆனால் அந்தப் பலகையின் தடிமன் 9, 10 மி.மீ. வரை போகும், வேகம் அங்கிருந்துதான் வருகிறது. ஒரே மரத்தில் தடிமனை 10 சதவீதம் கூட்டினால் விறைப்பு சுமார் மூன்றில் ஒரு பங்கு ஏறிவிடும். அரை மில்லிமீட்டர்தானே என்று விட்டுவிட முடியாது.

அடுத்து, எந்த மரம் எந்த இடத்தில் இருக்கிறது என்பது. பலகை வளையும்போது அதிகம் இழுபடுவதும் அமுங்குவதும் வெளிப்புறம்தான். நடுப்பகுதிக்கு வேலை குறைவு. அதனால்தான் நடுவில் அயூஸ், கிரி மாதிரி லேசான மரத்தைத் தடிமனாக வைத்துவிட்டு, மேலே மெல்லிய தகடாக வேறு மரத்தை ஒட்டுகிறார்கள். மேலே இருப்பது கோட்டோ என்றால் கெட்டி. பந்து சட்டென்று கிளம்பும். லிம்பா கொஞ்சம் மென்மை. பந்து ஒரு கணம் தங்கிப் போவது போலிருக்கும், லூப் (பந்தை மேல்நோக்கி உரசிச் சுழலவிடும் அடி) போடுகிறவர்களுக்கு அது பிடிக்கும்.

கார்பனும் அப்படித்தான். பட்டர்ஃபிளை நிறுவனத்தின் விஸ்காரியா பிளேடில் ஆரிலேட்-கார்பன் இழை, கோட்டோவுக்கு நேர் கீழே இருக்கிறது. அதே இழை அவர்களுடைய இன்னர்ஃபோர்ஸ் வகையில் நடுமரத்தை ஒட்டிப் போய்விடுகிறது, மேலே லிம்பா. மெதுவாக ஆடினால் இந்த இன்னர்ஃபோர்ஸ், கார்பன் இல்லாத வெறும் மர பிளேடு மாதிரியே இருக்கும். ஓங்கி அடிக்கும்போதுதான் கார்பன் தெரியும். 'கார்பன் பிளேடு வேண்டும்' என்று மட்டும் சொல்லிக் கேட்டால் இவற்றில் எது கைக்கு வருமோ! விதிப்படி தடிமனில் குறைந்தது 85 சதவீதம் மரமாகத்தான் இருக்க வேண்டும், ஓர் இழை அடுக்கு 0.35 மி.மீ.யைத் தாண்டக் கூடாது. கார்பன் பிளேடிலும் மரத்தைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

எடையைப் பார்க்காமல் வாங்குவது இன்னொரு தவறு. மரத்துக்கு மரம் அடர்த்தி மாறுவதால் ஒரே மாடலிலேயே சில கிராம் வித்தியாசம் வரும். கடையில் தராசு கேட்க வெட்கப்பட வேண்டாம்.

அப்புறம், ரப்பரை வெடுக்கென்று உரிப்பது. லிம்பா சிலும்பு சிலும்பாகக் கிளம்பும். என் முதல் லிம்பா பிளேடில் விரல் நீளத்துக்கு ஒரு கீற்று ரப்பரோடு போய்விட்டது. முதல் ரப்பர் ஒட்டுவதற்கு முன்பே மெல்லியதாக ஒரு பூச்சு வார்னிஷ் அடித்திருந்தால் தப்பித்திருக்கும். அதற்காக இரண்டு மூன்று பூச்சு அடித்துவிடாதீர்கள், லிம்பாவின் மென்மைக்காகக் கொடுத்த காசு வீணாகிவிடும்.